நிற்காமல் ஒருமுறை

லிஃப்ட்காரர் அரங்கத்துக்கு வந்து சேர்ந்தபோது கதவைச் சாத்திவிட்டார்கள். வாசலில் நின்ற கறுப்புக் கோட்டுப் பெண் உதட்டில் விரலை வைத்து, முதலில் வாசிப்பது முடியும்வரை வெளியே உட்காரச் சொன்னாள். அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஒருவர் உட்காரச் சொன்னதே அன்றைக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

காலையிலிருந்து அலைச்சல். ஞாயிற்றுக்கிழமை என்று பெயர்தான், லிஃப்டுகளுக்கு அது தெரிவதில்லை. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோய், உள்ளே ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஒரு நாய்க்குட்டியும் மாட்டிக்கொண்டார்கள். இவர் மொட்டைமாடி மோட்டார் அறையில் கையால் சக்கரத்தைச் சுற்றி அவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். கதவைத் திறந்தால் இரண்டு பேரும் இவரைப் பார்க்கக்கூட இல்லை. "நான் அப்பவே படியில போலாம்னேன்" என்று அவள் ஆரம்பிக்க, "நீ எப்பதான் சொல்லல" என்று அவன் பிடித்துக்கொண்டான். நாய்க்குட்டி மட்டும் இவர் செருப்பை நக்கிவிட்டுப் போனது.

அந்த மோட்டார் அறையிலேயே நல்ல சட்டைக்கு மாறினார். சலவைத்தூள் போட்டுக் கையைத் தேய்த்தும் நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை. போகாதென்று அவருக்குத் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேலாகப் போகாத கிரீஸ் அது.

ஆள் சின்ன வயதிலேயே இந்த வேலைக்கு வந்தவர். வந்த நாளிலிருந்து களைப்புதான். "எங்க கல்யாணத்தன்னைக்கே கொட்டாவி விட்ட ஆளுங்க இவரு" என்று அவர் மனைவி யார் வந்தாலும் சொல்லிக் காட்டுவாள். அது பொய்யும் இல்லை. நடுநிசியில் கூப்பிடுவார்கள், விடிகாலையில் கூப்பிடுவார்கள். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்த நேரம் பார்த்துக் கூப்பிடுவதற்கென்றே சிலர் இருந்தார்கள். முட்டி இரண்டும் போய்விட்டது. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் என்று மேலதிகாரி பார்க்கிற போதெல்லாம் சொன்னார். ஆனால் அந்தக் கொஞ்சம் நகர்வதாகத் தெரியவில்லை.

இப்படிப்பட்டவர் பியானோ கச்சேரிக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார் என்றால் காரணம் மருமகள். மருமகள் என்று இன்னும் சொல்லலாமா என்பது வேறு கதை.

மகன் அவளைக் கூட்டிவந்தபோது கூடவே ஒரு பியானோவும் வந்தது. லிஃப்டுக்குள் நுழையவில்லை. மூன்றாவது மாடி வரை ஆட்கள் மூச்சு வாங்க வாங்கப் படியில் தூக்கி வந்தார்கள். "ஊரையே மேல ஏத்தி எறக்குற மனுஷன், சொந்த மருமக சாமான ஏத்த முடியல" என்று மனைவி சிரித்தாள். அப்போது வீட்டில் சிரிப்பு இருந்தது. பியானோவை ஹாலில், சோபாவுக்குப் பக்கத்தில் போட்டார்கள். கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வராமலிருக்க, லிஃப்ட் மோட்டாருக்கு அடியில் வைக்கிற ரப்பர் கட்டைகளைக் கொண்டுவந்து அதன் கால்களுக்கு அடியில் வைத்துக் கொடுத்தார் மாமனார்.

அவள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பியானோ வாசிக்கச் சொல்லிக்கொடுத்தாள். மத்தியானத்துக்குள் வந்துவிடுவாள். வந்ததும் வாசிக்க உட்காருவாள். மகனுக்கோ மருந்துக் கிடங்கில் இராத்திரி வேலை. விடிந்து வந்து படுத்தால் சாயங்காலம்வரை தூங்கியாக வேண்டும். சுவருக்கு இந்தப் பக்கம் பியானோ, அந்தப் பக்கம் கட்டில்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. அவன் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தான். அவள் பியானோ மேல் கம்பளியைப் போர்த்தி வாசித்துப் பார்த்தாள். பிறகு மத்தியானம் வாசிப்பதை விட்டாள். பிறகு பள்ளிக்கூடத்திலேயே தங்கி வாசித்துவிட்டு வந்தாள், அவள் வருகிற நேரத்தில் அவன் கிளம்பிக்கொண்டிருப்பான். வாசலில் செருப்பைக் கழற்றுகிறவளும் ஷூவை மாட்டுகிறவனுமாக நின்று இரண்டு வார்த்தை பேசுவார்கள். அதிலும் ஒரு வார்த்தை பால் பாக்கெட்டைப் பற்றியதாக இருக்கும். மாமியார் பிள்ளை பக்கம். "என் பிள்ளை துரும்பா போயிட்டான், இந்தப் பொட்டி வந்ததுலேர்ந்து" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொல்லுவாள். அடுப்புக்குச் சொன்னாலும் அது ஹாலுக்குக் கேட்கும்.

அந்த வீட்டில் பியானோ சத்தத்தில் நன்றாகத் தூங்கிய ஒரே ஆள் லிஃப்ட்காரர். விடிகாலையில் போன வேலையை முடித்து மத்தியானம் வந்து, சோபாவில் காலை நீட்டுவார். அவள் கையை எடுத்துவிட்டு, "மாமா, நிறுத்திடவா?" என்பாள்.

"வேணாம்மா. நீ நிறுத்தினா முழிப்பு வந்துடும்."

பேச்சுக்குச் சொன்னதல்ல. உண்மையிலேயே வந்துவிடும். நீளமான ஒன்றை அவள் மாதக்கணக்கில் பழகினாள். சுரம் மேலே மேலே ஏறிக்கொண்டே போகும். வீட்டில் அதற்கு 'மாடிப்படி' என்று பெயர் வைத்திருந்தார்கள். பாதி மாடி ஏறியதும் ஓர் இடத்தில் விரல் தடுக்கும். நின்றுவிடுவாள். சமையலறையிலிருந்து, "ம்ம், நின்னாச்சு" என்று மாமியாரின் பெருமூச்சு வரும். லிஃப்ட்காரருக்குத் தூக்கத்திலேயே ஒரு கண் திறக்கும். திரும்பக் கீழேயிருந்து ஏற ஆரம்பிப்பாள், கண் மூடும். இப்படி எத்தனை மத்தியானங்கள். சில நாள் அந்த இடத்துக்கு அப்புறம் இருப்பதை மட்டும் தனியாக வாசிப்பாள், சில நாள் கடைசியை மட்டும். முழுசாக ஒருமுறையும் அவர் கேட்டதில்லை.

கடைசியில் ஒரு நாள் அவள் அப்பா வீட்டுக்குப் போனாள். பிறகு பியானோவும் போயிற்று. இறக்கும்போது படி திருப்பத்தில் சுவரில் இடிக்காமல் பார்த்துக்கொண்டது லிஃப்ட்காரர்தான். அதற்கப்புறம் வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும். ஆனால் மகனுக்குத் தூக்கம் வந்த மாதிரி தெரியவில்லை. சோபாவில் படுத்த லிஃப்ட்காரரும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

போன வாரம் அவள் போன் செய்தாள். "மாமா, ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு நான் தனியா வாசிக்கறேன். பெரிய அரங்கத்துல. உங்களுக்கு ஒரு டிக்கெட், அத்தைக்கு ஒண்ணு, வாசல்ல சொல்லி வச்சிருக்கேன். வந்தா சந்தோஷம். வரலைன்னாலும் புரிஞ்சுக்குவேன்."

மனைவியிடம் ஒளிக்கவில்லை, சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நீங்க போங்க, உங்கள யாரு புடிச்சு வச்சிருக்கா" என்றாள். அதற்குப் போ என்றும் பொருள், போகாதே என்றும் பொருள். இத்தனை வருஷத்தில் அது அவருக்கு விளங்கியிருந்தது. அவர் முதல் பொருளை எடுத்துக்கொண்டார். இரண்டாவதை எடுத்துக்கொள்ளத் தெம்பில்லை.

உள்ளே கைதட்டல் கேட்டது. கறுப்புக் கோட்டுப் பெண் கதவைத் திறந்து, அவரை இருட்டில் நடத்திக்கொண்டுபோய் ஓர் ஓரத்து இருக்கையில் விட்டாள். பக்கத்து இருக்கை காலி. அது அத்தைக்கு வைத்தது. அதில் தன் கருவிப்பையை வைத்தார். பைக்குள் ஸ்பேனர்கள் 'களுக்' என்றன. முன்வரிசைத் தலைகள் இரண்டு திரும்பின.

மேடையில் அந்தப் பெரிய கறுப்புப் பியானோவுக்கு முன்னால் அவள் சின்னப் பெண் மாதிரி இருந்தாள். பச்சை உடுப்பு. தலைமுடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். யாரையும் பார்க்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு, உலையில் தண்ணீர் கொதிக்கக் காத்திருப்பவள் மாதிரி கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு ஆரம்பித்தாள்.

லிஃப்ட்காரருக்கு இது பழக்கமில்லாத பாட்டு. எப்போது கைதட்டுவது என்ற கவலை வேறு. சத்தம் ஓய்ந்ததே என்று பின்னால் ஒருவர் தட்ட, யாரும் சேரவில்லை. பாவம், அவர் தட்டின கையைச் சொறிகிற மாதிரி மாற்றிக்கொண்டார். நல்லவேளையாக நாலு வரிசைக்கு முன்னால் சம்பந்தியின் வழுக்கைத் தலை தெரிந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், மகளை வளர்த்து வாசிக்க வைத்தவர், அவருக்குத் தெரியாமல் போகுமா? சம்பந்தியின் தோள் அசைந்தால் இவர் தட்டினார், அசையாவிட்டால் இவரும் அசையவில்லை.

இடைவேளையில் விளக்குப் போட்டதும் சம்பந்தி திரும்பிப் பார்த்துவிட்டார். எழுந்து வந்தார். லிஃப்ட்காரர் எழுந்திருக்கப் பார்த்தார், முட்டி ஒத்துழைக்கவில்லை.

"உக்காருங்க, உக்காருங்க. நீங்க வருவீங்கன்னு அவ சொன்னா. நான் நம்பல."

"நானே நம்பலைங்க."

சம்பந்தி கருவிப்பையைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு அந்த இருக்கையில் உட்கார்ந்தார். கனம் தாங்காமல் கை தாழ்ந்தது. "என்னங்க இது, வீட்டையே தூக்கிட்டு வந்திருக்கீங்க?"

"டியூட்டில இருக்கேன். கூப்பிட்டா போகணும்."

"எங்க வீட்டம்மா முன்னாடி உக்காந்திருக்காங்க. உங்கள வந்து பாக்க..." சம்பந்தி இழுத்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க."

"இதுல தப்பா நெனைக்க என்ன இருக்கு? எங்க வீட்டம்மா வீட்டுலயே உக்காந்திருக்காங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது. பேச என்ன இருக்கிறது? மகனைப் பற்றி இவர் சொல்ல முடியாது, மகளைப் பற்றி அவர் சொல்ல முடியாது. அது போக இரண்டு பேருக்கும் நடுவே இருந்தது முட்டிவலி ஒன்றுதான். அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் நிறைவாகப் பேசினார்கள். சம்பந்தி ஒரு தைலத்தின் பெயரைச் சொன்னார்.

மணி அடித்தது. சம்பந்தி எழுந்திருக்கவில்லை. "இங்கயே இருக்கேனே" என்றார். "முன்னாடி இருந்தா எனக்குக் கை நடுங்குது. அவளுக்கு நடுங்கல, எனக்கு நடுங்குது."

விளக்கு அணைந்தது. அவள் வந்து உட்கார்ந்து முதல் விரலை வைத்ததுமே லிஃப்ட்காரருக்குத் தெரிந்துவிட்டது. மாடிப்படி.

இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தூக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. இதை அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டிருக்கிறார், அவள் கைகளைப் பார்த்ததில்லை. இவ்வளவு வேலையா என்றிருந்தது. தோளிலிருந்து விரல்நுனிவரை மாடாக உழைத்தாள். சுரம் ஏறியது, ஏறியது. பாதி மாடி வந்தது. அவர் கை தானாக இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. இதோ நிற்கப்போகிறாள். பெருமூச்சு வரப்போகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

அவள் நிற்கவில்லை. அப்படி ஓர் இடம் இருந்ததாகவே அவள் விரலுக்கு ஞாபகமில்லை. தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள்.

அவர் விட்ட மூச்சு சம்பந்திக்கே கேட்டிருக்கும். அதற்கப்புறம் வந்ததெல்லாம் அவர் துண்டு துண்டாகக் கேட்டவைதான். இந்தத் துண்டு அவருக்குக் காய்ச்சலாக இருந்த வாரம் கேட்டது. இது மகனும் அவளும் அறைக்குள் முதன்முதலாகக் குரலை உயர்த்தியதற்கு மறுநாள். இது மழை பெய்து மின்சாரம் போன மத்தியானம், இருட்டிலேயே வாசித்தாள். ஒவ்வொன்றும் எங்கிருந்தோ வந்து அதனதன் இடத்தில் சேர்ந்துகொண்டது. இதற்காகத்தானா அத்தனையும் என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. கூடவே ஏதோ கையை விட்டுப் போன மாதிரியும் இருந்தது. நிற்கிற வரை அது வீட்டுப் பாட்டு. இப்போது அது இந்த அரங்கத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் பொது. அவர்களில் யாருக்கும் சமையலறைப் பெருமூச்சு தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். சம்பந்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஊருக்கெல்லாம் கண்ணாடி துடைத்துக் கொடுக்கிறவர், தன்னுடையதைச் சட்டை நுனியில் தேய்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரரும் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவள் குனிந்து வணங்கிவிட்டு, மறுபடி உட்கார்ந்து மெதுவான ஒன்றைச் சின்னதாக வாசித்தாள். அதுதான் ஆபத்தாகப் போயிற்று. சம்பந்தி தோளைத் தட்டிய பிறகுதான் அவருக்கு விழிப்பு வந்தது. ஆட்கள் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள்.

"குறட்டை விட்டேனா?"

"லேசா," என்றார் சம்பந்தி. "பாட்டுக்கு இடைஞ்சல் இல்ல."

அவளைப் பார்க்க மேடைக்குப் பின்னால் வரிசை நின்றது. பூங்கொத்தோடு சிலர், கைபேசியோடு சிலர். ஸ்பேனர் பையோடு இவர் ஒருவர். போய்விடலாமா என்று நினைத்தார். கைபேசி சட்டைப்பையில் அதிர்ந்தது. ஒரு மருத்துவமனையில் லிஃப்ட் கதவு மூட மாட்டேன் என்கிறதாம், உள்ளே யாரும் இல்லையாம். "வரேன், ஒரு அரை மணி" என்றார். உள்ளே யாரும் இல்லையென்றால் அரைமணி தாங்கும்.

அவள் பார்த்துவிட்டாள். "மாமா!"

முன்னால் நின்றவர்கள் வழிவிட்டார்கள். நெற்றியெல்லாம் வேர்வை. கிட்டத்தில் பார்த்தால் அவளும் களைத்துத்தான் இருந்தாள், வேலை முடிந்து வருகிறவர்களுக்கு இருக்கிற களைப்பு.

"வந்தீங்களா."

"வராம?"

"அத்தை?"

"வீட்ல இருக்கா."

அவள் தலையாட்டினாள். "தூங்கினீங்களா?"

"கடைசில கொஞ்சம்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நம்ம வீட்ல நீங்க ஒருத்தர்தான் மாமா தூங்குவீங்க." சொன்ன பிறகுதான் 'நம்ம வீடு' என்று சொன்னது உறைத்தது போலிருக்கிறது. சிரிப்பு பாதியில் நின்றது. கையிலிருந்த கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள்.

"அந்த எடத்துல நிக்கலையே நீ," என்றார் அவர்.

"கவனிச்சீங்களா?"

"கவனிக்காம? உசிரே போயிடுச்சு எனக்கு."

அவள் கீழே பார்த்தாள். "வெளியூர்ல ஒரு இசைக் கல்லூரில வேலை கெடைச்சிருக்கு மாமா. அடுத்த மாசம் போறேன். அவர்கிட்ட... நீங்களே சொல்லிடறீங்களா?"

"சொல்றேன்."

"இனிமே உங்கள நான் என்னன்னு கூப்பிடறது? அப்பா கேட்டார் அன்னைக்கு. எனக்குத் தெரியல."

லிஃப்ட்காரர் யோசித்தார். அப்பா என்று கூப்பிட அவளுக்கு அப்பா இருக்கிறார். சார் என்றால் கேட்க நன்றாக இருக்காது. "மாமான்னே கூப்பிடும்மா," என்றார். "புதுசா ஒரு ஒறவு கண்டுபுடிக்க யாருக்குத் தெம்பு இருக்கு?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் இன்னும் சூடாக இருந்தன. கிரீஸ் ஒட்டும் என்று சொல்லலாமென்று நினைத்தார், சொல்லவில்லை. பின்னால் பூங்கொத்துக்காரர்கள் செருமினார்கள். விட்டுவிட்டு வந்தார்.

மருத்துவமனையில் கதவு இடுக்கில் யாரோ போட்ட பேனா மூடி மாட்டியிருந்தது. எடுத்ததும் சரியாகிவிட்டது. வீட்டுக்கு வரும்போது விளக்கு வைத்த நேரம். மனைவி தட்டு வைத்தாள். எதிரில் உட்காரவில்லை, சமையல் மேடையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"என்ன போட்டிருந்தா?"

"பச்சை."

"என்ன பச்சை?"

"பச்சைன்னா பச்சைதான்."

"ஒங்ககிட்ட போய்க் கேட்டேன் பாருங்க. எளைச்சிருக்காளா?"

"முடிய வெட்டிட்டா. அதனால அப்படித் தெரியுதோ என்னவோ."

துணி ஒரே இடத்தில் வட்டமடித்தது. "எனக்கும் டிக்கெட் வச்சிருந்தாளா?"

"வச்சிருந்தா."

"அந்த சீட்டு காலியாவா இருந்துச்சு?"

"சம்பந்தி வந்து உக்காந்தாரு, பாதிலேர்ந்து."

அவள் துணியை வைத்துவிட்டு வந்தாள். இன்னொரு கரண்டி சோறு அவர் தட்டில் போட்டாள், அவர் கேட்காமலே.

மகன் வேலைக்குக் கிளம்பி வந்து வாசலில் ஷூ மாட்டினான். எல்லாம் காதில் விழுந்திருக்கும். "கூட்டம் வந்துச்சாப்பா?"

"நெறைஞ்சிருந்துச்சு."

"நல்லது."

லிஃப்ட்காரர் சாப்பிட்ட கையோடு எழுந்து வந்தார். "வெளியூர்ல வேலை கெடைச்சிருக்காம். அடுத்த மாசம் போறாளாம். உன்கிட்ட சொல்லச் சொன்னா."

அவன் நாடாவைக் கட்டினான். கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினான். "சரிப்பா," என்றான். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனான்.

விவாகரத்துக் கோர்ட்டு வேலையெல்லாம் மழைக்காலத்துக்குள் முடிந்துவிட்டது. சண்டை சச்சரவில்லாமல் முடிந்ததென்று வக்கீலே பாராட்டினார், ஏதோ அதற்குப் பரிசு இருப்பது போல. அவள் ஊர் மாறிப் போனாள். எப்போதாவது போன் செய்து, "மாமா, முட்டி எப்படி இருக்கு?" என்பாள். ஒருநாள் மனைவி போனைப் பிடுங்கி, அங்கே குளிர் எப்படி, யார் சமைக்கிறார்கள் என்று கேட்டாள். பேசி முடித்ததும், "தொண்டை கட்டியிருக்கு அவளுக்கு, கவனிச்சீங்களா?" என்றாள். அவர் கவனிக்கவில்லை.

குளிர்காலம் முடிகிற சமயத்தில் மகனுக்குப் பகல் வேலை கொடுத்தார்கள். கிடங்கில் ஆள் மாற்றினார்களாம், இவன் கேட்கக்கூட இல்லையாம். மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னான்.

"இத முன்னாடியே குடுத்திருந்தா என்ன?" என்றாள் அவன் அம்மா.

லிஃப்ட்காரர் தண்ணீர்ச் சொம்பை மகன் பக்கம் நகர்த்தினார். அவன் ஊற்றிக் குடித்துவிட்டு, காலையில் சீக்கிரம் எழுப்பச் சொன்னான்.